முப்பத்தோராம் பக்கத்துக் காலடி ஓசை

அட்டையில் அந்த ஒரு வரி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. சத்தியமாகச் சொல்கிறேன். புத்தகத்தை நாற்பத்தெட்டுப் பக்கத்தில் போட்டுக்கொள், உன் படத்தை நாலு இடத்தில் போட்டுக்கொள், முன்னுரையை ஆறு பக்கத்துக்கு இழு, நான் ஏன் கேட்கப்போகிறேன்? ஆனால் தலைப்புக்குக் கீழே சிவப்புக் கட்டம் கட்டி, "காது கேளாதவர்களும் முழுமையாக ரசிக்கலாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு உள்ளே ஒரு வேலை செய்து வைத்திருந்தார் பாருங்கள். நினைத்தாலே இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் நான் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருப்பேன், உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

'லிஃப்ட் பழுது' என்று ஓர் ஒலி நாடகம். எட்டுப் பகுதி. பின்னால் எந்தக் கம்பெனியும் கிடையாது. ஒரு வாடகை வீட்டின் பின்னறையில், சுவரெல்லாம் பழைய மெத்தையைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்த்து வழிய வழியச் செய்தது. எழுதி இயக்கியவரை எல்லோரும் கேப்டன் என்போம். கிரிக்கெட்டும் கிடையாது, கப்பலும் கிடையாது, அவராக வைத்துக்கொண்ட பட்டம். ஓசைகளை எல்லாம் உண்டாக்கியவர் தட்டுமுட்டு. பகலில் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை, மற்ற நேரத்தில் ஊரில் யார் எதைத் தூக்கிப் போட்டாலும் பொறுக்கி வந்து தட்டிப் பார்ப்பார். அதனால் அந்தப் பெயர். நான் மூன்றாவது ஆள். முதல் பகுதி வந்த அன்றைக்கே பத்து முறை கேட்டுவிட்டு, கேப்டனுக்கு விடாமல் செய்தி அனுப்பி, தொல்லை தாங்காமல் அவரே வரச்சொல்லி, அப்படி ஒட்டிக்கொண்டவள். அங்கே எனக்குப் பெயர் அவசரம்.

கதை இதுதான். ஓர் அடுக்குமாடிக் கட்டடம். லிஃப்ட் கெட்டுப்போய்க் கிடக்கிறது. ஒரு நாள் வாட்ச்மேன் காணாமல் போகிறார். இரண்டு நாள் கழித்து அந்தக் கெட்டுப்போன லிஃப்டுக்குள்ளிருந்து அவரை அரை உயிராக வெளியே எடுக்கிறார்கள். வெளியிலிருந்து யாரோ பூட்டியிருக்கிறார்கள். யார்? அதுதான் நாடகம். விடை ஏழாம் பகுதியில் வருகிறது. அந்தப் பகுதியால்தான் நாடகத்துக்கே பேரும் புகழும். பதினோரு நிமிடம். பேச்சு மொத்தமே இரண்டு வரி. மீதி எல்லாம் தட்டுமுட்டு.

வாட்ச்மேன் காணாமல் போன அந்த ராத்திரி, மின்சாரம் போன மாடிப்படி. மூன்றாம் மாடி அம்மா மெழுகுவத்தியோடு நிற்கிறாள். மேலிருந்து யாரோ இறங்கி வருகிறார்கள். "யாரு?" என்கிறாள். பதில் இல்லை. "வாத்தியாரே, நீங்களா?" என்கிறாள். அதற்கும் பதில் இல்லை. ஆனால் நமக்குத் தெரிந்துவிடும், அது நான்காம் மாடி வாத்தியார் இல்லை என்று. ஏனென்றால் அந்த நடையில் ஓர் உரசல் இருக்கும். இரண்டாம் பகுதியில் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் இடது செருப்பு வார் அறுந்து, அவர் ஊக்கு மாட்டிக்கொண்டு நடப்பார். அந்த ஊக்கு ஒவ்வொரு படியிலும் சிமெண்டைக் கீறும். ஏழாம் பகுதியில் அந்தக் கீறல் மெல்ல மெல்ல இறங்கி வரும்போது முதுகுத்தண்டு ஜில்லென்று ஆகும். ஆட்டோவில் போகும்போது கேட்டவர்கள் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு துணைப் புத்தகம் போடலாம் என்று கேப்டன் சொன்னார். கட்டடத்தின் வரைபடம், யார் எந்த வீடு, ஓசைகளை எப்படிச் செய்தோம் என்று நாலு படம், அப்புறம் எட்டுப் பகுதிக்கும் முழு எழுத்து வடிவம். எழுத்து வடிவத்தை நான் செய்கிறேன் என்று துள்ளிக் குதித்தேன். காரணம் என் அக்கா.

அக்காவுக்குப் பதினோரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டது. பேசுவாள். சத்தம் மட்டும் கட்டுக்குள் இருக்காது. அவள் ரகசியம் சொன்னால் தெருமுனையில் கேட்கும். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், சைகை மொழியும் தெரியும். ஒரு துணிப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். எண்பது அடுக்குத் துணியை விரித்து, மேலே கோடு போட்டு, மெஷினை ஓட்டினால் எண்பதாவது அடுக்கும் முதல் அடுக்கு மாதிரியே வந்து விழும். நான் ஒரு வருடமாக வீட்டில் 'லிஃப்ட் பழுது, லிஃப்ட் பழுது' என்று பிதற்றிக்கொண்டிருந்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் கேட்டாள்: "அதுல அப்படி என்னடி இருக்கு? எனக்கும் ஒரு வாட்டி சொல்லேன்." சொல்ல ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினாள். "நீ கதை சொன்னா ஓடுற பஸ்ஸுல ஏறின மாதிரியே இருக்கு. எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். முதல் பகுதியில் மாடிப்படிக் காட்சி. "(டக்... டக்... சரக்)" என்று எழுதியிருந்தேன். என்ன அருமை என்று எனக்கே தோன்றியது.

அக்கா தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "டக்குனா என்ன? கதவா, செருப்பா, உன் தலையில குட்டுறதா?"

"காலடிக்கா."

"காலடின்னு நீ சொன்னாத்தானே தெரியுது! யாரோட கால்? ஆளு கனமா ஒல்லியா? அவசரமா வர்றானா, திருடன் மாதிரி வர்றானா? உனக்குக் கேக்குறப்போ இதெல்லாம் தெரியுதுல்ல?"

"தெரியுது."

"அப்போ எனக்கு மட்டும் டக்கு. நல்லா இருக்குடி உன் நியாயம்."

அன்றைக்குக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஓசைக்கும் தட்டுமுட்டு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். இது எதனால் செய்தது, கேட்கிறவனுக்கு இதிலிருந்து என்ன தெரிய வேண்டும், பயமா, அலுப்பா, ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான். அவர் ஒரு தகர மூடியைச் சுவரில் தேய்த்துக்கொண்டே சொல்வார்: "இது கேட்டா அந்தாளு பொய் சொல்றான்னு தெரியணும். அதை எழுதிக்கோ." நாலு மாதம். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும், ஒரு நிமிட ஓசைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். அக்கா ஒவ்வொரு பகுதியாகப் படித்து, புரியாத இடத்தில் தையல் சாக்பீஸால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். ஆறு பகுதி முடிந்தபோது அவள் என்னைவிடப் பெரிய பைத்தியம் ஆகிவிட்டாள்.

"வாத்தியார்தான். எழுதி வச்சுக்கோ. அவன் முழியே சரியில்ல."

"ஒலி நாடகத்துல ஏதுக்கா முழி?"

"எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியல. வாத்தியார்தான். இல்லேன்னா ஒரு மாசம் பாத்திரம் எல்லாம் நான் கழுவுறேன்."

ஏழையும் எட்டையும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அச்சுப் புத்தகத்தில் படிக்கட்டும் என்று வைத்திருந்தேன். ஊரில் எல்லோருக்கும் கிடைத்த அந்த முதுகுத்தண்டு ஜில், அவளுக்கும் சரியான இடத்தில், சரியான வரியில் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை எல்லாம். ஏழாம் பகுதியை மட்டும் ஒன்பது முறை எழுதினேன். ஆறு பக்கம் வந்தது.

கேப்டன்தான் பக்கங்களை வடிவமைத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்போது போனுக்குக் கோப்பு வந்தது. "ஒரு மணி நேரத்துல பார்த்து ஓகே சொல்லு. பிரஸ்ல காத்திருக்காங்க." நாற்பத்தெட்டுப் பக்கமும் படித்தேன். பதினான்கு எழுத்துப் பிழை பிடித்தேன். இறங்கும் முன் "ஓகே" என்று அனுப்பினேன். கூடவே மூன்று கட்டைவிரல்.

வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்திலிருந்து முதல் பிரதிகள் வந்தன. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தாள், சிவப்புக் கட்டத்தைப் பார்த்தாள், "பரவாயில்லையே, எங்களுக்குன்னு தனியா வேற போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரத்தில் கதவு படாரென்று திறந்தது.

"நான் சொன்னேன்ல! வாத்தியார்! முதல்லேர்ந்து சொன்னேனா இல்லியா?" பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அது கேட்டிருக்கும். "ஒரு மாசம் பாத்திரம் நீதான்டி!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிக்கிறாளே, விளையாடுகிறாளா? புத்தகத்தைப் பிடுங்கி முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினேன்.

(காலடி ஓசை)
மூன்றாம் மாடி அம்மா: யாரு?
(காலடி ஓசை)
மூன்றாம் மாடி அம்மா: வாத்தியாரே, நீங்களா?
(காலடி ஓசை. பூட்டும் ஓசை.)

அவ்வளவுதான். ஏழாம் பகுதி முடிந்தது. அதற்குக் கீழே பாதிப் பக்கத்துக்குக் கேப்டன் மைக்கின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற படம். எட்டாம் பகுதியில் செயலாளரின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதே இல்லை, வாட்ச்மேன் அந்தச் செருப்பின் உரசலைக் கேட்டு எழுந்து நிற்பதோடு முடிந்துவிடும். அங்கேயும் அதே இரண்டு வார்த்தை. காலடி ஓசை.

என் ஆறு பக்கத்தையும் இரண்டு வார்த்தையாக மடித்து வைத்திருந்தார்.

அக்கா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைப் படிக்கிறவளுக்கு முகத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"வாத்தியார் இல்லையா?"

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"இல்ல. அப்போ யாருன்னு இதுல எங்க இருக்கு?"

"இல்லக்கா. எடுத்துட்டாங்க."

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"இந்தப் பக்கத்தை?"

"பார்த்தேன்க்கா."

"பார்த்துட்டு?"

உண்மையைத்தான் சொன்னேன். "எனக்குக் கேட்டுச்சு."

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தபோது 'காலடி ஓசை' என்ற இரண்டு வார்த்தைக்குள் ஊக்கு கீறியது, படி ஒவ்வொன்றாக இறங்கியது, முதுகு கூட ஜில்லென்றது. ஒன்றுமே குறையவில்லை எனக்கு. தலைக்குள் நாடகம் தானாக ஓடியது. ஒன்பது முறை எழுதியவளுக்கு அது காணாமல் போனது தெரியவில்லை.

அக்கா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. புத்தகத்தை மேசைமேல் வைத்தாள், அட்டை தெரிகிற மாதிரி. "நாளைக்கு மேடையில நான்தானே முதல் பிரதி வாங்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

அதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மாலை வெளியீடு. காது கேளாதோர் சங்கம் ஒன்று தங்கள் கூடத்தைக் கொடுத்திருந்தது. எதற்காக? அட்டையில் இருக்கிற அந்த வரிக்காக. முதல் பிரதி வாங்க யாரை அழைத்திருந்தார் கேப்டன்? என் அக்காவை. அழைப்பிதழில் அவள் படம் வேறு.

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பின்னறைக்குப் போய் நின்றேன். கேப்டன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தட்டுமுட்டு மாலை நிகழ்ச்சிக்கு ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் முப்பத்தோராம் பக்கத்தை விரித்து மேசைமேல் அடித்தேன்.

"இது என்ன கேப்டன்?"

"ஏழாம் பகுதி."

"எங்க ஏழாம் பகுதி? ஆறு பக்கம் எழுதிக் குடுத்தேன்."

"அவசரம், கொஞ்சம் மூச்சு விடு. பதினாறு பதினாறு பக்கமாத்தான் அச்சடிக்க முடியும். நாப்பத்தெட்டு, இல்லேன்னா அறுபத்து நாலு. நடுவுல எதுவும் கிடையாது. அதான் சுருக்கினேன். ஓசை எதையும் எடுக்கலையே? எல்லாம் இருக்கே, பாரு. காலடி ஓசை, காலடி ஓசை, பூட்டும் ஓசை."

"யாரோட காலடி?"

"செயலாளரோடது. கேட்டாலே தெரியுதே."

"கேட்டா!" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "யாரு கேட்கப்போறா? அட்டையில என்ன எழுதியிருக்கீங்க?"

"நீதானே ஓகே சொன்ன? மூணு கட்டைவிரல் போட்டியே. இதோ இருக்கு, காட்டவா?"

தட்டுமுட்டு வந்து பக்கத்தைப் பார்த்தார். உதடு அசையப் படித்தார். "சரியாத்தானேம்மா இருக்கு. நல்லா வந்திருக்கு. ஊக்கு கூட..." என்று சொல்லி நிறுத்தினார். மறுபடி பார்த்தார். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். "ஊக்கு எங்க?"

"இல்ல."

"இப்போ எனக்குக் கேட்டுச்சே!"

"எல்லாருக்கும்தான் கேக்குது!"

அந்த நேரம் பார்த்து மீதிப் பெட்டிகளை இறக்க வேன்காரர் உள்ளே வந்தார். நாடகம் கேட்டிருக்கிறீர்களா என்றேன். நேரமில்லைம்மா என்றார். பக்கத்தைக் கொடுத்தேன். நின்றபடி படித்தார். "யாருண்ணே பூட்டினது?" என்றேன்.

"வாத்தியாரு. இதுல என்ன சந்தேகம்? பேரைச் சொல்லியே கேக்குறாங்களே." பெட்டியை இறக்கிவிட்டுப் போனார்.

கேப்டன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். முகம் கொஞ்சம் மாறியது. மாறி, திரும்பப் பழையபடி ஆகிவிட்டது. "சரி, ஒத்துக்கறேன். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். இன்னைக்கு முன்னூறு பிரதி வந்தாச்சு, கூட்டம் வருது. உங்க அக்காவுக்கு மட்டும் உன் ஆறு பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் குடுத்துடு. இப்பவே எடுத்துக்கோ. பிரச்சினை தீர்ந்துச்சா?"

தட்டுமுட்டு சொன்னார்: "உன் முன்னுரை ஆறு பக்கம் இருக்கேப்பா."

"அது நாடகம் உருவான வரலாறு!"

"வரலாறு எல்லாம் இருக்கு. நாடகம்தான் இல்ல."

நான் அப்போதே அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆறு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். சனிக்கிழமை அரை நாள் வேலை. அக்கா நீலத் துணி அடுக்கின் மேல் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தும்வரை காத்திருந்து, அவள் எதிரே போய் நின்று நீட்டினேன். இரும்புக் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினாள். என்ன என்று தெரிந்ததும் மடித்து என் பைக்குள்ளேயே திணித்தாள்.

"படிக்கா. உனக்குத்தான்."

"எனக்கு மட்டுமா?"

"இப்போதைக்கு."

"அட்டையில என் பேரா போட்டிருக்கு? காது கேளாதவர்கள்னு போட்டிருக்கு. அந்தக் கூடத்துல ரெண்டு வரிசை நிறைய உக்காந்திருப்பாங்க. நான் மட்டும் கள்ளத்தனமா தனித்தாளு படிச்சுட்டு, மேடையில நின்னு பல்லைக் காட்டணுமா?" பட்டறையே திரும்பிப் பார்த்தது. "போடி. சாயந்திரம் வரேன். புடவை கூட எடுத்து வச்சுட்டேன்."

"வந்து என்னக்கா பண்ணப்போற?"

"முதல் பிரதி வாங்கப்போறேன்."

ஐந்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. முன்னால் இரண்டு வரிசை சங்கத்து ஆட்கள். பின்னால் முழுக்க நாடகம் கேட்கிற கூட்டம். வாசலில் எல்லோர் கையிலும் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். மேடை ஓரத்தில் ஒரு பெண்மணி நின்று பேச்சை எல்லாம் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தார். கேப்டன் நாற்பது நிமிடம் பேசினார். பின்னறை, வியர்வை, கனவு. சைகைப் பெண்மணி இரண்டு முறை கையை உதறிக்கொண்டார். அதற்கப்புறம் என்ன திட்டம் தெரியுமா? ஏழாம் பகுதியைக் கூடத்தில் ஒலிபரப்புவது! அந்தச் சங்கத்தின் கூடத்தில், அந்த இரண்டு வரிசைக்கு எதிரில், பதினோரு நிமிடம். சொன்னால் நம்ப மாட்டீர்கள். "அவங்க புத்தகத்துல பின்தொடரலாம்" என்றார் மைக்கில், பெருமையோடு.

முதலில் பிரதி கொடுத்தார்கள். அக்கா வாங்கினாள். படம் எடுத்தார்கள். கேப்டன் வணக்கம் சொல்லி அவளை இறக்கிவிடப் பார்த்தார். அவள் இறங்கவில்லை.

"ரெண்டு வார்த்தை பேசணும்."

கேப்டன் மைக்கை நீட்டினார். "வேண்டாம், எனக்கு இதே ஜாஸ்தி" என்றாள். கூடம் சிரித்தது.

"நான் புத்தகத்தை முழுசாப் படிச்சேன். ரொம்ப நல்லா இருக்கு. ஆறு பகுதி வரைக்கும் யாரு யாருன்னு மண்டை காஞ்சு போச்சு. ஏழுல உடைச்சாங்க பாருங்க! வாத்தியார்! அவ்வளவு நல்ல மனுஷன் மாதிரி இருந்துட்டு, ஒரு கிழவனை லிஃப்டுல போட்டுப் பூட்டியிருக்கான்."

பின்வரிசைகளில் ஒரு சலசலப்பு. "வாத்தியார் இல்லையே" என்றது ஒரு குரல். "ஐயையோ, தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க" என்றது இன்னொன்று. சைகைப் பெண்மணி அதை அக்காவுக்குக் காட்டினார்.

"இல்லையா?" அக்கா கண்ணை அகலமாக விரித்தாள். நடிப்பில் யாருக்கும் சளைத்தவள் இல்லை. "அப்படியா? எந்தப் பக்கத்துல இருக்கு? எல்லார் கையிலயும் புத்தகம் இருக்குல்ல? பாத்துச் சொல்லுங்களேன்."

முன்னூறு புத்தகம் ஒரே நேரத்தில் திறந்தது. எல்லோருக்கும் நிச்சயம், இதோ இருக்கும் என்று. முப்பத்தொன்றைப் பிடித்தார்கள். முப்பதுக்குப் போனார்கள். முப்பத்திரண்டுக்கு வந்தார்கள். முன்வரிசைக்காரர்களும் தேடினார்கள். தேடி, ஒருவரை ஒருவர் பார்த்து, அதே வரியைத் தொட்டுக் காட்டிக்கொண்டார்கள். வாத்தியாரே, நீங்களா? அவர்களுக்கும் வாத்தியார்தான். சங்கத் தலைவர், வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர், திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். அங்கே எல்லோரும் தலையை ஆட்டினார்கள், இல்லை இல்லை என்று. அவர் புத்தகத்தை உயர்த்தி, எங்கே என்று கையை விரித்தார்.

"அந்த ஊக்குச் சத்தம் வருமே!" என்று ஒருவன் எழுந்தான்.

அக்கா சைகைப் பெண்மணியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எந்தச் சத்தம்? எந்தப் பக்கம்?"

அவன் புத்தகத்தைப் பார்த்தான். பிறகு அட்டையைப் பார்த்தான். அவன் முகத்தில் அந்தச் சிவப்புக் கட்டம் போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் ஒரு நல்ல மனசுக்காரி எழுந்து, அக்காவுக்குப் புரிகிற மாதிரி வாயை நன்றாகத் திறந்து, "அது வந்துங்க, செய..." என்று ஆரம்பித்தாள்.

அக்கா சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாரும் சொல்லாதீங்க!" கூடத்தின் ஜன்னல் அதிர்ந்தது. "இங்க இருக்கிற ஒருத்தருக்கும் யாரும் காதுல வந்து சொல்லல. உங்களுக்கெல்லாம் கதையிலயே கிடைச்சுது. எனக்கும் கதையிலதான் வேணும். எங்க ரெண்டு வரிசைக்கும் வேணும். அதுவரைக்கும் நான் கண்ணைத் திறக்கப்போறதில்ல."

சைகைப் பெண்மணி அதைச் சொல்லி முடித்ததும் முன்வரிசையில் முதலில் ஒரு மீசைக்காரர், அப்புறம் அவர் பக்கத்திலிருந்த பெண், அப்புறம் வரிசையாக எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தலைவர் மட்டும் மூடவில்லை. அவர் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தைத் திறந்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்து, கூடம் முழுக்கக் காட்டினார். 'எழுத்து வடிவம், சரிபார்ப்பு' என்று போட்டு அதற்கெதிரே என் பெயர்.

எழுந்து நின்றேன். "நான்தான்" என்றேன். "நான்தான் பார்த்துட்டு சரின்னு சொன்னேன். எனக்குக் காது கேக்கும், அதனால தெரியல. புத்தகத்தை எல்லாரும் திருப்பிக் குடுத்துடுங்க." தட்டுமுட்டு அதற்குள் ஒரு காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டார்.

கேப்டன் மைக்கைப் பிடித்தார். குரல் தழுதழுத்தது. நல்ல குரல் அவருக்கு, ஒத்துக்கொள்கிறேன். "அக்கா, நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இது எங்க தவறு. அடுத்த பதிப்புல கண்டிப்பா..." என்று பேசிக்கொண்டே போனார். பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் உருகிக்கூடப் போனார்கள். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். முன்வரிசையும் அப்படியே உட்கார்ந்திருந்தது. அவர் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

மேடை ஏறினேன். ஒலிபெருக்கியை அணைத்தேன். என் பையில் இருந்த பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தேன். முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து, அவர் படத்தின் மேலேயே விரலை வைத்தேன். அங்கேதான் இடம் இருந்தது.

"எழுதுங்க கேப்டன்."

"இங்கயா? இப்பவா? என்னத்த எழுத?"

"முதல் படியிலேர்ந்து."

"உன் பையில அந்த ஆறு பக்கம் இருக்குல்ல, அதை எடு."

"அது நான் எழுதினது. நீங்க சுருக்கினீங்கல்ல, நீங்க விரிங்க."

கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. கேப்டன் மேசைமேல் குனிந்தார். படத்தில் இருந்த தன் நெற்றிக்கு மேலே, 'மேலிருந்து ஒருவர் இறங்கி வருகிறார்' என்று எழுதினார். பேனா நின்றது. காதைக் கொஞ்சம் சாய்த்து யோசித்தார். பிறகு கூடத்தின் கடைசி வரிசையில் பெட்டியோடு நின்ற தட்டுமுட்டுவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டார்:

"அந்த ஊக்கு, வைக்கிறப்போ உரசுமா, எடுக்கிறப்போ உரசுமா?"